எரியாமல் மிஞ்சிய சாம்பல்

இஞ்சின் எண்ணெய் சோதனை வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். திருப்பதியிலேயே இருப்பவர்களும் சரி, கும்மிடிப்பூண்டியிலிருந்து தினமும் ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டைக்கு வந்துபோகிறவர்களும் சரி, என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "மேடம், எந்த மெஷினை மொதல்ல கத்துக்கணும்?" மெஷினை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வீர்கள், கவலைப்படாதீர்கள். ரிப்போர்ட்டின் அடியில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொள்ள எனக்கு இருபத்தெட்டு வருஷம் ஆயிற்று. அதுவும் ஒரு மனுஷனின் வேலை போகிற நிலைமை வந்த பிறகுதான். அந்தக் கதையைச் சொல்கிறேன். இதில் எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. அதனால்தான் முழுசாகச் சொல்கிறேன்.

சித்தூரில், வேலூர் போகிற ரோட்டில், ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ஒர்க்‌ஷாப். அதன் ஓரத்தில் ஒற்றை அறை, அதுதான் என் லேப். பஸ்களிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயைப் பார்த்து, உள்ளே இஞ்சின் எப்படி இருக்கிறது என்று சொல்வது என் வேலை. உறிஞ்சுதாளில் ஒரு சொட்டு விடுவேன். அது பரவுகிற வட்டத்தை வைத்தே கரி ஏறியிருக்கிறதா, டீசல் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். மெஷின் அப்புறம் வந்து அதையே சொல்லும். "லேப் அக்கா சொல்லிட்டா அப்பீல் கிடையாது" என்பார்கள் ஒர்க்‌ஷாப்பில். அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வினையே அங்கேதான்.

கொரோனாவுக்குப் பிறகு கம்பெனிக்குப் புது பஸ்கள் வந்தன. அவற்றின் புகைக்குழாய்க்குள் ஒரு வடிகட்டி உண்டு. டீசல் புகையில் வருகிற கரியை அது பிடித்து வைத்துக்கொள்ளும். கரி நிறையச் சேர்ந்ததும் இஞ்சின் தானே சூட்டை ஏற்றி அதை எரித்துவிடும். எரிகிற நேரம் டிரைவர் முன்னால் ஒரு விளக்கு எரியும். அது அணைகிறவரை இஞ்சினை நிறுத்தக் கூடாது. பாதியில் நிறுத்தினால் கரி அப்படியே கிடக்கும். அதே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்தால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், வண்டி இழுக்காது.

ஒரு சனிக்கிழமை உச்சி வெயிலில் எங்கள் பெங்களூர் பஸ் மொகிலி காட் ரோட்டில் மலை ஏற முடியாமல் நின்றுவிட்டது. வண்டி நிறைய ஜனம். கைக்குழந்தைகளோடு ரோட்டோரம் மூன்று மணி நேரம் நின்றார்கள். யாரோ அதை வீடியோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டார். அன்று ஓட்டியவர் சாலமன். கங்காதர நெல்லூர்க்காரர், ஐம்பத்திரண்டு வயது, அவர் கையில் ஒரு ஆட்டுக்குட்டிகூட அடிபட்டதில்லை. என் சர்ச்தான் அவருக்கும்.

அன்று சாயங்காலமே வண்டியை இழுத்து வந்து வடிகட்டியைக் கழற்றினார்கள். ஃபோர்மேன் முனிரத்தினம் அதை என் மேஜைமேல் வைத்தார்.

"இன்னாக்கா, இதுக்கு டெஸ்ட் வேற பண்ணணுமா? டீக்கடையில ஆஃப் பண்ணிட்டு உக்காந்துக்கினு இருந்திருப்பான். வெளக்கு எரியிறத எவன் பாக்குறான்?" என்றார்.

பின்னாலேயே மேனேஜர் வந்தார். "மேடம், ஈ ரோஜே ரிப்போர்ட் காவாலி. இன்னைக்கே வேணும். ஓனர் போன் மேல போன் பண்ணிக்கினு கீறாரு."

வடிகட்டியைத் தட்டினேன். கறுப்பாகக் கொட்டியது. எடை போட்டேன், அளவுக்கு ரொம்ப மேலே இருந்தது. வண்டியின் கம்ப்யூட்டரில் பார்த்தால், கரியை எரிக்கிற வேலை அடிக்கடி ஆரம்பித்திருந்தது. பாதியில் நிறுத்தினால்தானே மறுபடி மறுபடி ஆரம்பிக்கும்? எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. "படிந்திருப்பது டீசல் கரி. டிரைவர் பலமுறை பாதியில் இஞ்சினை நிறுத்தியதே காரணம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இதற்கு எனக்கு ஆனது அரை மணி நேரம். வீட்டுக்குப் போய் நிம்மதியாக இட்லி சாப்பிட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று ராத்திரியே சாலமனை சஸ்பெண்ட் செய்தார்கள். பத்து நாளில் விசாரணை, அதற்குப் பிறகு டிஸ்மிஸ் என்று பேச்சு. அந்த வீடியோவுக்கு ஓனருக்கு ஒரு தலை தேவைப்பட்டது, அவ்வளவுதான். 'வண்டியைக் கெடுத்தவன்' என்ற பெயரோடு வெளியே போகிற ஐம்பத்திரண்டு வயது டிரைவரை இந்த ஜில்லாவில் எந்தக் கம்பெனியும் சேர்க்காது. அது எனக்கும் தெரியும். ஆனாலும் தப்பு செய்தவன் அனுபவிக்கிறான் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து செருப்புப் போடுகிற இடத்தில் சாலமனின் மனைவி எஸ்தர் என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. ரிப்போர்ட்டு நீங்கதான் எழுதினீங்களாமே. அவரு வண்டிய ஆஃப் பண்ணவே இல்லையாம். வெளக்கு எரிஞ்சிக்கினு இருந்தா சீட்ட விட்டு எறங்கவே மாட்டாராம். டீயக்கூட ஜன்னல் வழியாத்தான் வாங்கிக் குடிப்பாராம்."

எனக்குச் சுரீரென்று ஏறியது. நாலு பேர் பார்க்கிறார்கள் என்கிற எரிச்சல் வேறு. "எல்லா ஆம்பளையும் வீட்ல அப்படித்தான் சொல்லுவாங்க எஸ்தர். கரிய நான் என் கண்ணால பாத்தேன்" என்றேன்.

"சரிக்கா" என்றாள். அவ்வளவுதான், குடையை விரித்துக்கொண்டு போய்விட்டாள்.

அந்த 'சரிக்கா'வைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சண்டை போட்டிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசிவிட்டு மறந்திருப்பேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை. இவள் என்ன என்னைச் சந்தேகப்படுவது? நாளைக்கு இவள் முகத்துக்கு நேராக நீட்டுகிற மாதிரி ஒரு அத்தாட்சி தயார் செய்கிறேன் பார் என்று கறுவிக்கொண்டேன். உண்மையைத் தேடிக்கொண்டு நான் மறுபடி லேபுக்குள் போகவில்லை, பிள்ளைகளே. வீம்புக்குத்தான் போனேன்.

திங்கள் காலை, வடிகட்டியிலிருந்து கொட்டிய அந்தக் கறுப்புப் பொடியில் கொஞ்சத்தை ஒரு பீங்கான் கிண்ணத்தில் போட்டு லேபில் இருக்கிற சின்ன உலைக்குள் வைத்தேன். டீசல் கரி என்றால் அது எரிந்து காற்றோடு போய்விட வேண்டும், கிண்ணம் சுத்தமாக இருக்க வேண்டும். அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்பது என் திட்டம்.

உலையைத் திறந்தேன். கிண்ணத்தில் வெளுத்த சாம்பல், பாதிக்கு மேலே அப்படியே உட்கார்ந்திருந்தது. "அடிப்பாவி" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வாய்விட்டே சொன்னேன்.

எரியாமல் மிஞ்சுகிற சாம்பல் டீசலிலிருந்து வருவது ரொம்பச் சொற்பம். அது இஞ்சின் எண்ணெயிலிருந்து வருவது. எண்ணெயில் கால்சியம் சேர்க்கிறார்கள், துத்தநாகம் சேர்க்கிறார்கள், இஞ்சினைச் சுத்தமாக வைக்கவும் தேயாமல் காக்கவும். அந்த எண்ணெயில் கொஞ்சம் எரிந்து புகையோடு போகும்போது இந்த உலோகங்கள் கரித் துகளோடு ஒட்டிக்கொண்டு வடிகட்டிக்குள் போய்விடும். அங்கே கரி எரியும், இவை எரியாது. நாளுக்கு நாள் சேர்ந்து இடத்தை அடைத்துக்கொள்ளும். இடம் குறைந்தால் வடிகட்டி சீக்கிரம் நிறையும், நிறைந்தால் எரிக்கிற வேலை அடிக்கடி ஆரம்பிக்கும்.

அப்போதுதான் உறைத்தது. கம்ப்யூட்டரில் நான் 'ஆரம்பித்தது' என்கிற பக்கத்தை மட்டும் பார்த்திருந்தேன். ஓடிப்போய் அடுத்த பக்கத்தைப் பார்த்தேன். ஆரம்பித்த ஒவ்வொரு தடவையும் முழுசாக முடிந்திருந்தது. ஒரு தடவைகூட சாலமன் பாதியில் நிறுத்தவில்லை. அந்தப் பக்கத்தைத் திருப்ப ஒரு விரல்தான் வேண்டியிருந்தது, அதை நான் செய்யவில்லை.

சாம்பலை ஒரு டப்பியில் போட்டுக்கொண்டு அன்றே பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனேன். அங்கே ஒரு கல்லூரியில் தெரிந்த பேராசிரியை இருந்தார். அவருடைய கருவியில் வைத்துப் பார்த்ததில் கால்சியம், துத்தநாகம், பாஸ்பரஸ், கந்தகம். இரும்பு கொஞ்சம்தான், ஆகவே இஞ்சின் தேய்மானம் இல்லை. சந்தேகமே இல்லாமல் எண்ணெய்.

ஆனால் எப்படி? புது பஸ்களுக்கென்றே சாம்பல் குறைவாக விடுகிற எண்ணெயை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஸ்டோரில் இருந்த பீப்பாயை மறுபடி சோதித்தேன், சரியாக இருந்தது. இஞ்சினிலிருந்து வடித்ததைச் சோதித்தேன். அதில் கால்சியம் இருக்க வேண்டியதைவிட அதிகம். ஆக, வெளியிலிருந்து வேறு எண்ணெய் உள்ளே போயிருக்கிறது. யார் ஊற்றியது?

நின்றுபோன பஸ் ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் கிடந்தது. ஏறினேன். டிரைவர் சீட்டுக்குக் கீழே ஐந்து லிட்டர் கேன் ஒன்று, துணி சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தது. மூடியைத் திறந்து விரலில் தொட்டதுமே தெரிந்துவிட்டது, பழைய பஸ்களுக்கு வாங்குகிற எண்ணெய். தலையைத் தூக்கினேன். சீட்டுக்குப் பக்கத்துத் தகட்டில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. தமிழிலும் தெலுங்கிலும் எழுதியிருந்தது: "காட் ஏறுமுன் வண்டியை நிறுத்தி எண்ணெய் அளவு பார்க்கவும். கேனிலிருந்து ஒரு லிட்டர் சேர்க்கவும்." கீழே கையெழுத்து, என்னுடையது.

பழைய பஸ்கள் காட் ஏறும்போது எண்ணெயைக் குடிக்கும். கரி ஏறி எண்ணெய் கூழாகிவிடும், இஞ்சின் சிக்கிக்கொள்ளும். கால்சியம் நிறைய உள்ள எண்ணெய் அந்தக் கரியைக் கட்டியாகாமல் பிரித்து வைத்திருக்கும் என்று கண்டுபிடித்து, இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவளே நான்தான். அதற்குப் பிறகு காட் ரோட்டில் இஞ்சின் சிக்குவது நின்றது. அதற்கு எனக்கு மேடையில் சால்வைகூடப் போட்டார்கள். புது பஸ் வந்ததும் டிரைவர்கள் என்ன செய்தார்கள்? பழைய பஸ்ஸிலிருந்த காகிதத்தைக் கிழியாமல் உரித்துப் புது பஸ்ஸில் ஒட்டிக்கொண்டார்கள். லேப் அக்கா சொல்லிட்டா அப்பீல் கிடையாதே! குடிக்காத இஞ்சினுக்கு ஒவ்வொரு நடையிலும் ஒரு லிட்டர். அளவுக்கு மேலே போனது இஞ்சினின் காற்றுப்போக்குக் குழாய் வழியாக ஏறி எரிந்தது. அதுவும் சாம்பல் கொட்டுகிற எண்ணெய். ஸ்டோருக்கு மட்டும் புது உத்தரவு அனுப்பிவிட்டு நான் கம்மென்று இருந்துவிட்டேன். டிரைவர்களுக்கு ஒரு வரி எழுதவில்லை.

அந்த பஸ்ஸுக்குள்ளேயே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. பயமாகவும் இருந்தது. பிறகு எழுந்து, காட் ஏறுகிற மற்ற ஐந்து புது பஸ்களையும் பார்த்தேன். ஐந்திலும் கேன், ஐந்திலும் என் காகிதம். இன்று சாலமன் வண்டி நின்றது, அடுத்தது இவற்றில் எது என்பதுதான் பாக்கி.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார். முனிரத்தினமும் இருந்தார்.

"எந்துக்கு மேடம் தலைவலி? சாலமன் மன்னிப்பு லெட்டரு குடுத்துட்டான். ஓனரை நான் சமாதானம் பண்ணிட்டேன். விசாரணைல அந்த லெட்டரைப் படிச்சுட்டு முடிச்சுரலாம், மறுநாளே டூட்டிக்கு வரட்டும். உங்க ரிப்போர்ட்டு ஃபைல்லயே இருக்கட்டும். கேனுங்கள நான் கமுக்கமா எடுத்துடறேன். ரிட்டயராக உங்களுக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தானே?"

"செய்யாத தப்புக்கு லெட்டரு குடுத்தாரா?" என்றேன்.

"வேல வேணும்ல அக்கா, குடுக்காம இன்னா பண்ணுவான்?" என்றார் முனிரத்தினம். "அவனே ஒத்துக்கினான். நீ ஏன் குறுக்க வந்து குட்டையக் கொழப்புற?"

பொய் சொல்லமாட்டேன், அன்று ராத்திரி முழுக்க அந்த வழி எனக்கு இனித்தது. யாருக்கும் நஷ்டமில்லை. சாலமனுக்கு வேலை இருக்கும், எனக்குப் பெயர் இருக்கும். ஆனால் எப்படித் திருப்பிப் போட்டுப் பார்த்தாலும் ஒரு இடத்தில் இடித்தது. நாளைக்கு வேறு எதற்காவது அவருடைய வண்டி நின்றால் முதலில் எடுக்கப்போவது என் ரிப்போர்ட்டைத்தான். "ஏற்கெனவே செய்தவன்தானே" என்பார்கள். அன்று நான் ரிட்டயராகி வீட்டில் உட்கார்ந்திருப்பேன், என் கையெழுத்து இங்கே உட்கார்ந்து அவரைக் கடித்துக்கொண்டிருக்கும். அதுமட்டுமில்லை. கேனைக் கமுக்கமாக எடுத்தால் டிரைவர்கள் கடையில் வாங்கி ஊற்றுவார்கள். காரணம் தெரியாமல் பழக்கத்தை விடுகிற ஆள்கள் இல்லை அவர்கள்.

காலையில் மேனேஜருக்கு ஒரே வரி சொன்னேன்: "விசாரணைல நான் பேசணும் சார். விடலேன்னா ஓனர் வீட்டு வாசல்ல போய்ப் பேசுவேன்."

விசாரணை அன்று ஓனர் வந்திருந்தார். சாலமன் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார், என்னைப் பார்க்கவில்லை. நான் இரண்டு கிண்ணங்களை மேஜைமேல் வைத்தேன். ஒன்று புத்தூர் போகிற இன்னொரு புது பஸ்ஸின் வடிகட்டியிலிருந்து எடுத்தது. அது சமதரை ரூட்டு, கேன் கிடையாது. எரித்த பிறகு அந்தக் கிண்ணத்தில் ஊதினால் பறக்கிற அளவுதான் மிச்சம். இன்னொன்று சாலமன் வண்டியுடையது. ஓனர் அதை விரலால் தொட்டுப் பார்த்து, "வெபூதி கணக்கா கீதே" என்றார்.

எழுதி வைத்ததைப் படித்தேன். என் முதல் ரிப்போர்ட் தப்பு. டிரைவர் ஒரு தடவைகூடப் பாதியில் நிறுத்தவில்லை. வடிகட்டி அடைத்தது நான் கையெழுத்துப் போட்ட உத்தரவினால். நிறுத்தாமல் கடைசி வரி வரைக்கும் படித்தேன்.

ஓனர் கிண்ணத்தை நகர்த்தி வைத்தார். "அப்போ இத்தினி வருஷமா நீ குடுத்த ரிப்போர்ட்டுல எதம்மா நான் நம்புறது?" என்று கேட்டார். என்னை அவர் 'நீ' என்றது அதுதான் முதல் தடவை.

"தனியா என் கையெழுத்த நம்ப வேணாம் சார். இனிமே இன்னொருத்தரும் பாத்துக் கையெழுத்துப் போடட்டும்" என்றேன்.

அப்படியே செய்தார்கள். ரிட்டயராகிறவரை என் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் கீழும் இரண்டாவது கையெழுத்து ஒன்று இருந்தது. நான் கேட்டு வாங்கியதுதான், இருந்தாலும் முதல் முறை பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. சாலமனின் மன்னிப்பு லெட்டரை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்கள். பழைய ரிப்போர்ட்டின் மேல் 'தப்பு' என்று நானே எழுதித் தேதி போட்டேன். அன்று மத்தியானமே டிரைவர்கள் எல்லோரையும் கூப்பிட்டு ஏன் ஊற்றக் கூடாது என்று விளக்கினேன். ஆறு பஸ்ஸிலும் என் காகிதத்தை நானே சுரண்டி எடுத்தேன். நகம் பெயர்ந்தது.

கடைசி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது சாலமன் கீழே நின்றிருந்தார், கையில் வண்டிச் சாவி. நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். பொய் சொல்வானேன், அதற்குக் காத்திருந்தேன்.

"அக்கா, எல்லார் முன்னாலயும் ஒத்துக்கினீங்க. அது பெரிய விஷயம், இல்லேங்கல" என்றார். "ஆனா ஒண்ணு கேக்குறேன். ஃபில்டரக் கழட்டிப் பாத்தீங்க. கரிய எரிச்சுப் பாத்தீங்க. சாம்பலத் தூக்கிக்கினு திருப்பதி வரைக்கும் போனீங்க. நான் இந்தப் பத்து நாளும் ஒர்க்‌ஷாப் வாசலாண்டயேதான் நின்னுக்கினு இருந்தேன். என்னை ஒரு வார்த்த கேட்டீங்களா? கேட்டிருந்தா மொத நாளே சொல்லியிருப்பேனே, நீங்க ஊத்தச் சொன்னதத்தான் ஊத்தினேன்னு."

"கேக்கல சாலமன்" என்றேன்.